இருபத்திரண்டு மனுவும் ஒரு சாவும்

எங்கள் இளவரசியை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பெருத்த ஏமாற்றம். ராஜாவின் மகள் மருமகளாக வருகிறாள் என்று செர்ன்யாவ்கா ஊரே பனியில் மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றது. வண்டிக் கதவு திறந்தது. இறங்கியவளுக்குப் பதினெட்டு வயது. மூக்கு சிவந்து வீங்கியிருந்தது, கடுமையான ஜலதோஷம். வழக்கப்படி ரொட்டியும் உப்பும் வைத்த தட்டை ஊர்ப் பெரியவர் நீட்டினார். அவள் குனிந்து ஒரு தும்மல் போட்டாள். உப்பு அத்தனையும் பெரியவரின் தாடிக்குப் போய்விட்டது.

"இதுவா ராஜா பொண்ணு?" என்று சமையல்காரி என் காதைக் கடித்தாள். "நம்ம மாவு மில்லுக்காரன் பொண்ணு இதைவிட லட்சணமா இருப்பாளே!"

எனக்கு அப்போது பதினைந்து வயது. "உஸ்தின்யா, இன்னையிலேருந்து நீ புது அம்மாவோட ஆளு" என்று அன்றே என்னை அவளிடம் ஒப்படைத்தார்கள். பண்ணையடிமைக்குச் சம்மதம் என்ன, மறுப்பு என்ன? போனேன். பிறகு வீட்டுச் சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்தது. அவள் போய்ச் சேர்ந்து இப்போது பத்து வருடம் ஆகிறது. அடிமை முறையையும் எடுத்துவிட்டார்கள். இன்றும் யாராவது வந்து, "இளவரசியோடவே இருந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டோம் என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வருடத்துக்கு நாற்பது பீப்பாய் போட்டோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் கூடவே கிடந்தவளை "அவர்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தபோது கொடுத்த மரியாதை போதும்.

அவளுடைய சொந்தப் பெயர் தாரேஜான். அது எங்கள் பாதிரியார் வாயில் நுழையவில்லை என்று தார்யா ஆக்கிவிட்டார்கள். காக்கேசிய மலைக்கு அந்தப் பக்கம் இமெரெத்தி என்று ஒரு ராஜ்யம். எங்கள் ஜார் அதை எடுத்துக்கொண்டார். அவள் அப்பா, அந்த ஊர் ராஜா, எல்லை தாண்டி ஓடி அந்நிய மண்ணில் செத்தார். அம்மா ராணி ஷுஷானிக்கைக் குத்தாயிசி பக்கத்தில் ஒரு கன்னிமடத்தை ஒட்டிய வீட்டில் வைத்து வாசலில் காவல் போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் படிப்புக்கு என்று சொல்லிப் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு வருடம் படிக்க வைத்தார்கள். பிறகு எங்கள் பிளாத்தோன் லுஜெத்ஸ்கி ஐயாதான் பொருத்தமான மாப்பிள்ளை என்று அரண்மனையில் முடிவு பண்ணினார்கள். சம்மதமா என்று கேட்டார்களா என்றால், கேட்டார்கள். ஐயாவைக் கேட்டார்கள்.

ஐயா கெட்ட மனுஷர் இல்லை. அவர் கை ஒரு நாளும் யார் மேலும் ஓங்கியதில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் நாளைக்கு என்பார். கூரை ஒழுகினால் நாளைக்கு, வைத்தியரைக் கூப்பிட வேண்டுமென்றால் நாளைக்கு. அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் ஒரே மார்ச் மாதத்தில் தொண்டை அடைத்துச் செத்ததும் அப்படி ஒரு 'நாளைக்கு'வினால்தான். இதை நான் ஐயா முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இப்போது சொல்லியாகிவிட்டது. மூன்றாவது பையன் தப்பினான். போலந்தில் ஏதோ படைப்பிரிவில் இருந்தான், கிறிஸ்துமஸுக்குக் கடிதம் போடுவான்.

அவளுக்கு எங்கள் ஊரில் எப்போதும் குளிர். ஜூன் மாதத்திலும் நரித்தோல் அங்கியைத் தோளிலிருந்து இறக்க மாட்டாள். அவள் ஊர் வாதுமை மரத்தின் கொட்டைகளை மூன்று தடவை நட்டாள். மூன்றும் முளைத்து, மூன்றும் முதல் உறைபனியில் கருகின. நான்காவது தடவை நடவில்லை. விருந்துக்கு வந்த அக்கம்பக்கத்துச் சீமாட்டிகள் முதல் இரண்டு வருடம் அவளை வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அவர்களுக்கும் சலித்துவிட்டது. முப்பது வயதில் அவளும் மற்ற பண்ணை வீட்டு அம்மாக்களைப் போலத்தான் இருந்தாள். முட்டைக்கோஸ் எத்தனை பீப்பாய், காளான் எத்தனை சரம், எந்தக் கோழி முட்டை போடவில்லை, இதுதான் பேச்சு.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி இருப்பாள். அக்டோபரில் அறுவடை வேலை முடிந்ததும் ஐயாவின் அறைக்குப் போய், "எழுதலாமா?" என்பாள். பெண்சாதி தனியாக மனுப் போட முடியாது, புருஷன் கையெழுத்து வேண்டும். ஐயா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து எழுதுவார். தாயைக் காண இமெரெத்தி போக அனுமதி வேண்டும், பணிவுள்ள இன்னார். இதற்கு மட்டும் அவர் நாளைக்கு என்று சொன்னதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதில் வசந்தகாலச் சேறு காயும்போது வரும். தற்சமயம் உசிதமல்ல. ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு வார்த்தை. அதை எழுதுகிற குமாஸ்தாவுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பேன்.

பிள்ளைகளைப் புதைத்த வருடம் ஆரம்பித்தாள். இருபத்தோரு மனு, இருபத்தோரு பதில். அவள் அழுது நான் பார்த்தது முதல் இரண்டுக்குத்தான். பிறகு அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்துவிடுவாள். "தடிமனா இருக்கு உஸ்தின்யா, ஜாம் ஜாடிக்குக் கட்டிடு." அரசாங்கத் தாள் நல்ல தாள். அதைக் கட்டிய ஜாடியில் பூஞ்சணம் பிடித்ததே இல்லை.

இருபத்திரண்டாவது மனுவுக்கு அனுமதி வந்தது. மேலே யாரோ பழைய அதிகாரி செத்துப் புது ஆள் வந்திருக்க வேண்டும். மூப்படைந்து நோயுற்ற தாயைக் காண்பதற்காக மட்டும், ஆறு மாதம். போகும்போது ஒரு காவலன் கூடவே வருவான். புறப்படுமுன் மாவட்டப் போலீஸ் அதிகாரி பயணத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் வழியில் அஞ்சல் நிலையங்களில் மாற்றுக் குதிரைகள் கிடைக்கும். குடியானவர்களுக்கு அறுவடை முடிய வேண்டும், பாதை உறைந்து சறுக்கு வண்டி ஓட வேண்டும், கணக்குப் போட்டுப் பார்த்தால் பிப்ரவரிக்கு முன் கிளம்ப முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதுக்காரி மாடிப்படியில் ஓடினாள். பெட்டியைக் கட்டுவாள், பிரிப்பாள், மறுபடி கட்டுவாள். அம்மாவுக்கு வாத்து இறகுத் தலையணை, அம்மாவுக்கு ஆட்டு ரோமச் சால்வை, அம்மாவுக்குக் காய்ந்த காளான். ஒரு நாள் சமையலறையில் திடீரென்று நின்றுவிட்டாள்.

"உஸ்தின்யா, அம்மாவுக்குப் பல் இருக்குமா?"

"வயசென்னம்மா ஆகுது அவங்களுக்கு?"

"எழுபத்தஞ்சு."

"அப்போ எங்க இருக்கும்? எனக்கே மூணு போச்சு."

அன்றிலிருந்து ஒரு வாரம் ஆப்பிளை வேகவைத்து, மசித்து, தேன் சேர்த்துக் கிளறி, பல் இல்லாதவர்கள் சப்பிச் சாப்பிடுகிற மாதிரி மிட்டாய் செய்தோம். என் வலது கை வீங்கிவிட்டது. அவள் பாடிக்கொண்டே கிளறினாள். அவள் பாடி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவ்வளவு நன்றாகவும் இல்லை.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பெயர்ப் புத்தகம் உண்டு. முன்பாதியில் உயிரோடு இருப்பவர்கள், அவர்கள் சுகத்துக்காகக் கோயிலில் ஜெபிப்பார்கள். பின்பாதியில் செத்தவர்கள், அவர்கள் ஆத்மாவுக்காக. முன்பாதிக்குச் சிவப்புச் சிலுவை, பின்பாதிக்குக் கறுப்புச் சிலுவை. ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய நோன்புக்கு முந்தி ஒரு சனிக்கிழமை வரும், உலகத்தில் செத்த எல்லாருக்குமான நாள். அன்றைக்குப் பின்பாதியை வாசிப்பார்கள். தேன் போட்டு வேகவைத்த கோதுமையைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். உயிரோடு இருப்பவன் பெயரைச் செத்தவர்களோடு வாசித்தாலும், செத்தவர் பெயரை இருப்பவர்களோடு வாசித்தாலும் இரண்டுமே பாவம். எனக்கு எழுத்துத் தெரியாது. நிறத்தை வைத்துத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. மடித்த ஒரு துண்டுத் தாளைக் கையில் திணித்தார்.

"இதைச் சாமி கையிலயே குடு. வேற யார் கண்ணுலயும் படக்கூடாது. மனசுக்குள்ளயே ஜெபிக்கச் சொல்லு. வாய்விட்டு வேண்டாம்னு சொல்லு."

"சரிங்கய்யா."

கோயிலில் ஒரே கூட்டம். என் இரண்டு கையிலும் கோதுமைச் சட்டி. தாள் பனியில் நனைந்துவிடும் என்று அதைப் பெயர்ப் புத்தகத்துக்குள் சொருகிப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்திருந்தேன். பாதிரியார் மெழுகுவர்த்திக்காரியோடு ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார். முடியட்டும் என்று நின்றேன். அதற்குள் உதவிக் குரு, பெயர்களை வாசிக்கிறவர், வீடு வீடாகப் புத்தகங்களை வாங்கிக்கொண்டே வந்தவர், என் கக்கத்திலிருந்தும் உருவிக்கொண்டு போய்விட்டார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். செத்தவர்களுக்கான கோதுமையைத் தரையில் வைப்பதா என்று யோசித்தேன். அந்த ஒரு யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

உதவிக் குருவுக்குக் காளைக் குரல். அதில் அவருக்குப் பெருமை வேறு. ஐயாவின் அப்பா பெயர், அம்மா பெயர், செத்த இரண்டு பிள்ளைகளின் பெயர் எல்லாம் வந்தது. பிறகு தாளைத் திருப்புகிற சத்தம். பிறகு கோயில் விதானம் அதிர, "ஆண்டவரின் அடியாள் ஷுஷானிக்" என்றார்.

எங்கள் மாகாணத்தில் அந்தப் பெயரில் ஒரு பூனைகூடக் கிடையாது.

தார்யா அம்மா முன்வரிசையில் நின்றிருந்தாள். திரும்பவில்லை. தள்ளாடவில்லை. செத்தவர் பெயருக்குச் சிலுவைக் குறி போட வேண்டும். மெதுவாகக் கையைத் தூக்கிப் போட்டாள். அவள் பக்கத்தில் ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் மாவட்டப் போலீஸ் அதிகாரி சில்வெஸ்தர் நின்றிருந்தார். அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு அவருக்கு, பயணத் தாளில் கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தார். அவர் தலை மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது.

திரும்பும்போது சறுக்கு வண்டியில் ஐயாவும் அம்மாவும் ஒரு பக்கம், சட்டியோடு நான் எதிரே. வேலைக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் இருவரும் பிரெஞ்சில்தான் சண்டை போடுவார்கள். அன்று அவள் எங்கள் மொழியிலேயே கேட்டாள். நான் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"எப்போ?"

"நவம்பர்ல" என்றார் ஐயா. "ஆர்மேனிய வியாபாரி ஒருத்தன் கடிதம் கொண்டுவந்தான். ஜனவரியில ஞானஸ்நானத் திருநாள் முடிஞ்ச மறுநாள்."

"ஒரு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் மிட்டாய் கிளறினேன். பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

ஐயா கையுறையைக் கழற்றினார், மாட்டினார். "தார்யா, அந்தத் தாள்ல என்ன போட்டிருக்கு? தாயைக் காண மட்டும்னு போட்டிருக்கு. தாயே இல்லேன்னா தாளும் இல்ல. அங்கேயிருந்து சாவுச் செய்தி அதிகாரி அதிகாரியா ஏறி, பீட்டர்ஸ்பர்க் போய், இங்க இறங்கி வர ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள நீ போய்ச் சேர்ந்துடுவேன்னு நெனச்சேன். கல்லறையிலேருந்து உன்னை இழுத்தா போடப் போறாங்க? உன்கிட்ட சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். உனக்குப் பொய் வராது."

"அப்போ கோயில்ல எதுக்குக் குடுத்தீங்க?"

"செத்தவங்களுக்கான நாள்" என்றார். "உலகத்துல இருக்கிற எல்லாப் பொணத்துக்கும் ஜெபம் நடக்குது. உங்க அம்மாவை மட்டும் எப்படி விடறது? மனசு கேக்கல."

அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. எதை முதலில் வைப்பது என்று இன்று வரை தெரியவில்லை. என் மேல் வந்தது கோபம் மட்டும்தான். வண்டியிலேயே சொல்லிவிட்டேன், தாளைப் புத்தகத்தில் சொருகியது நான்தான் என்று. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா, "விடு" என்றார். அவள் அதையும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் மெல்லிய அப்பம், புளித்த பாலேடு, மீன் முட்டை, வோட்கா. சில்வெஸ்தர் பதினோரு அப்பம் சாப்பிட்டார். பயணத் தாள் அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தபடி கிடந்தது, மைக்கூடும் பக்கத்திலேயே. வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மணி, காலையில கோயில்ல ஒரு பேர் வாசிச்சாங்க பாருங்க. எனக்கு வயசாச்சு, காது மந்தம். ஆனா நம்ம உதவிக் குரு வாசிச்சா கல்லறையில இருக்கிறவனுக்கே கேக்கும். அது யார் பேரு?"

நான் அப்பத் தட்டோடு கதவருகே நின்றிருந்தேன். இருபத்திரண்டு வருடம் அவள் கேட்டது அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆமாம், என் அம்மாதான், போய்விட்டாள் என்று சொன்னால் அந்தத் தாளும் ஒரு ஜாம் ஜாடிக்குப் போயிருக்கும்.

"என் அம்மா பேரு" என்றாள் அவள். "தப்பா வாசிச்சுட்டாங்க. அம்மா நல்லா இருக்காங்க."

"அடடா! பெரிய அபசகுனமாச்சே! இப்படியொரு தப்பு எப்படி நடக்கும்?"

"என்னாலதாங்கய்யா" என்று நான் முன்னால் வந்தேன். "சுகத்துக்காக ஜெபிக்க ஐயா குடுத்த சீட்டு. பின்பாதியில சொருகிட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாதுங்க."

சில்வெஸ்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுதை. சாவிக்கொத்து மட்டும் தொங்குது, மண்டையில ஒண்ணும் இல்ல." பிறகு ஐயாவிடம், "முதுகுல பத்து குடுத்தா அடுத்த தடவை சரியா சொருகுவா" என்றார். ஐயா ஏதோ முணுமுணுத்தார். நான் நிம்மதியாக மூச்சுவிடப் போனேன். ஆனால் அவர் சும்மா இந்த வேலைக்கு வந்தவர் இல்லை.

"சரி, அபசகுனத்தைக் கழிச்சிடுவோம்" என்று கோப்பையைத் தூக்கினார். "இமெரெத்தி ராணியம்மா நலத்துக்கு! நூறு வயசு இருக்கட்டும்!" என்று கையை மேசைக்குக் குறுக்கே அவளிடம் நீட்டிக்கொண்டு நிறுத்தினார்.

செத்தவர்களுக்குக் குடிக்கும்போது நாங்கள் கோப்பையை மோத மாட்டோம். சத்தமில்லாமல் குடிப்போம். குழந்தைக்குக்கூடத் தெரியும். இருப்பவர்களுக்குத்தான் கணீரென்று மோதுவது. செத்தவளுக்கு மோதினால் அது அவள் முகத்தில் சிரிப்பது. சில்வெஸ்தருக்குப் பதில் தேவையில்லை, அவள் கைதான் தேவை. கோப்பையை நீட்டியபடியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் போனதோ. கடிகாரம் இருந்த வீடுதான், நான் பார்க்கவில்லை. அவள் கோப்பையை எடுத்தாள். எழுந்து நின்றாள். கையை நீட்டி மோதினாள். நல்ல கண்ணாடி, அந்தச் சத்தம் சீக்கிரம் அடங்கவில்லை.

"நூறு வயசு இருக்கட்டும்" என்றாள். குடித்தாள்.

சில்வெஸ்தர் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தெரியும், அவர் நம்பவில்லை. ஆனால் தாளில் எழுத அவருக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அன்று சாயங்காலம் பாதிரியார் என்னைக் கூப்பிட்டு, உயிரோடு இருப்பவளைச் செத்தவர்களோடு சேர்த்த பாவத்துக்கு, நோன்பு முடியும்வரை தினமும் நூறு தடவை தரையில் விழுந்து எழ வேண்டும் என்றார். செய்யாத பாவத்துக்குத் தண்டனை. செய்ததைச் சொல்ல வழியில்லை. சரி சாமி என்றேன்.

திங்கட்கிழமை கிளம்பினோம். அவள், நான், வண்டிக்காரன் பக்கத்தில் காவலன். ஐயா வாசற்படியில் தொப்பி இல்லாமல் நின்றார். அவள் அவர் நெற்றியில் முத்தமிட்டாள். அவ்வளவுதான்.

அவள் பச்சை உடையில் வந்தாள். வேறு வழி? உயிரோடு இருக்கிற அம்மாவைப் பார்க்கப் போகிறவள் கறுப்பு உடுத்தலாமா? இரண்டு மாதப் பயணம். பனி முடிந்து சேறு, சேறு முடிந்து புல்வெளி, புல்வெளி முடிந்து மலை. ஒவ்வொரு அஞ்சல் நிலையத்திலும் தாளைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் அதிகாரி வாசித்துவிட்டு முகம் மலர்ந்து, "அம்மாவைப் பார்க்கவா? இத்தனை வருஷம் கழிச்சா? ஆண்டவர் அவங்களுக்குச் சுகம் குடுக்கட்டும்" என்பான். நல்ல ஜனங்கள். அவள் நன்றி சொல்வாள். ஒரு நிலையத்துக்காரி அவள் கையைப் பிடித்து அழுதேவிட்டாள். இவள் அவளுக்குச் சமாதானம் சொன்னாள். காவலன் எப்போதும் பக்கத்திலேயே இருந்தான். ராத்திரி ஒரே அறையில் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக் குறட்டை விடுவான், குறட்டை நின்றால் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அவள் ஒரு சொட்டு அழவில்லை. முகம் நாளுக்கு நாள் மரக்கட்டை ஆகிக்கொண்டு வந்தது. நான் நிலையத்துக்கு நிலையம் தரையில் விழுந்து எழுந்துகொண்டிருந்தேன். மலையேறும்போது என் முழங்கால் இரண்டும் பூசணிக்காய்.

ஒரு நாள் வண்டியில் நான்தான் அழுதேன். "அம்மா, ஒரு வார்த்தை திட்டுங்களேன். என்னால தாங்க முடியல."

"எதுக்கு?"

"நான் சரியா குடுத்திருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லையே. சிரிச்சுக்கிட்டே போயிருப்பீங்களே."

"களைப்பா இருக்கு உஸ்தின்யா" என்றாள். "திட்டவும் தெம்பு வேணும்." பிறகு மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து ஒன்றை எனக்குக் கொடுத்தாள், ஒன்றை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். குத்தாயிசி போய்ச் சேர்வதற்குள் பெட்டி காலி.

ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தோம். கல்லறைக்குப் போய்ச் செத்தவர்களுக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்கிற நாள். காவலன் எங்களை இறக்கிவிட்டு அதிகாரி அலுவலகத்துக்குத் தாளைக் காட்டப் போனான். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவன் முதுகைப் பார்த்தேன். கன்னிமடத்து வாசலில் அவளுடைய பெரியப்பா மகள் மரேஹி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள், எல்லாரும் தலை முதல் கால் வரை கறுப்பு. மரேஹி கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். பச்சை உடையைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறாங்கம்மா?"

"அம்மாவோட கல்லறைக்குப் பச்சை உடுத்திட்டு வந்திருக்கியான்னு கேக்கறா."

"சொல்லுங்களேன், ஏன்னு."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, நின்றது. மறுபடி ஆரம்பித்தாள். முப்பத்தேழு வருடம் பேச ஆள் இல்லாத மொழி. ரொட்டி, தண்ணீர் என்று கேட்க அது போதுமாக இருந்திருக்கும். போலீஸ் அதிகாரி, சாவுச் சீட்டு, கோப்பை இதையெல்லாம் சொல்ல அதில் அவளிடம் வார்த்தை இல்லை. மரேஹி காத்திருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கல்லறை மதிலோரம் இருந்தது, புல் கூட முளைக்காத புது மண். அவர்கள் வழக்கம் எங்கள் வழக்கம் மாதிரியேதான். ஒருத்தி ஆரம்பித்து ஒப்பாரி வைப்பாள், மற்றவர்கள் சேர்ந்து எடுத்துப் பதில் கொடுப்பார்கள். மகள் இருந்தால் மகள்தான் ஆரம்பிக்க வேண்டும். எல்லாரும் வட்டமாக நின்று அவளைப் பார்த்தார்கள். பச்சை உடையில் நடுவில் அவள்.

ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அப்போது அவள் மண்டியிட்டு விழுந்தாள். மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். இரண்டு மாதமாக உள்ளே கட்டிப்போட்டது எல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்தது.

"என்னைப் பெத்தவளே, யாரை நம்பி என்னை விட்டுட்டுப் போனே! உன் நலத்துக்குன்னு கோப்பையை மோதினேனே, இந்தக் கை அழுகிப் போகாதா!"

ரஷ்ய மொழியில் அழுதாள். அவள் பிள்ளைகளைப் புதைத்தபோது செர்ன்யாவ்கா பெண்கள் வைத்த அதே ஒப்பாரி, அதே ராகம்.

அந்தப் பெண்கள் யாரும் பதில் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கைகட்டி நின்றார்கள். அவள் ஒரு அடி பாடி நிறுத்துவாள், பதில் வர வேண்டிய இடத்தில் மதிலும் காற்றும்தான். மறுபடி அடுத்த அடி. மறுபடி அதே.

எனக்குப் பொறுக்கவில்லை. ராஜ குடும்பத்துக் கல்லறையில் ஒரு பண்ணையடிமைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வீங்கிய முழங்காலோடு அவள் பக்கத்தில் விழுந்து, அவள் தோளைக் கட்டிக்கொண்டு அடித்தொண்டையில் எடுத்தேன். "எந்திரிம்மா, கண்ணைத் திற, உன் பொண்ணு வந்திருக்கா பாரு!"

அவள் அடுத்த அடியைச் சொன்னாள், நான் பதில் கொடுத்தேன். சாயங்காலம் வரை அப்படியே போனது. சுற்றி நின்ற சொந்தக்காரிகள் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போனார்கள். இமெரெத்தி ராணிக்கு மகள் முறைக்கு அழுது முடித்தது நாங்கள் இரண்டு ரஷ்யக்காரிகள்தான்.